சாட்சியின் முகமும் சாட்சியத்தின் வரலாறும்

1985 ஜனவரியில், அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்து நீதிமன்றம் ஒன்றில், கல்லூரி மாணவி ஒருவர் சாட்சிக் கூண்டில் ஏறினார். முந்தைய ஆண்டு ஜூலையில் பர்லிங்டன் நகரில், இரவில் வீடு புகுந்து தம்மை வன்கொடுமை செய்தவனின் முகத்தை, பிழைத்திருந்தால் இவனை அடையாளம் காட்டியே தீர வேண்டும் என்ற உறுதியோடு உற்றுப் பார்த்து மனத்தில் பதித்துக்கொண்டவர் அவர். குற்றம் சாட்டப்பட்டு எதிரே அமர்ந்திருந்த ரொனால்ட் காட்டனைக் காட்டி, இவர்தான் என்றார். அவருக்கு அதில் துளியும் ஐயம் இருக்கவில்லை. பொய் சொல்ல அவருக்குக் காரணம் எதுவும் இல்லை. காட்டனை முன்பின் தெரியாது, பகை கிடையாது. தீர்ப்புச் சொல்ல அமர்த்தப்பட்ட பொதுமக்களான ஜூரர்கள் அவரை நம்பினார்கள். காட்டனுக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது.

மேல்முறையீட்டில் அந்தத் தீர்ப்பு ரத்தாகி, 1987-இல் மறுவிசாரணை நடந்தது. அதற்குள் பாபி பூல் என்ற வேறொரு கைதி, அந்தக் குற்றத்தைச் செய்தது தானே என்று சிறையில் சொல்லிவந்த செய்தி காட்டனின் காதுக்கு வந்திருந்தது. பூலை நீதிமன்றத்துக்கே கொண்டுவந்து, ஜூரி வெளியே இருக்கும்போது, அந்தப் பெண்ணின் எதிரில் நிறுத்தினார்கள். இவரை நான் பார்த்ததே இல்லை என்றார் அவர். காட்டன் மீண்டும் குற்றவாளி என்று தீர்ப்பாயிற்று. 1995-இல் மரபணுச் சோதனை, குற்றம் செய்தவர் பூல்தான் என்று காட்டியபோது, காட்டன் பத்தரை ஆண்டுகளைச் சிறையில் கழித்திருந்தார்.

இந்த வழக்கு என்னை விடாமல் உறுத்துவதற்குக் காரணம், இதில் யாரும் பொய் சொல்லவில்லை என்பதுதான். இரண்டு ஜூரிகளும் தங்களிடம் கேட்கப்பட்டதைச் செய்தார்கள். நேர்மையான ஒரு சாட்சியை நேர்மையானவர் என்று சரியாகவே கண்டுகொண்டார்கள். ஆனால் நேர்மையும் சரியான நினைவும் வெவ்வேறு என்பதைக் கண்டுபிடிக்க அவர்கள் கையில் எந்தக் கருவியும் தரப்படவில்லை.

அப்படியானால் என்னதான் தரப்படுகிறது? அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்றங்களில் நீதிபதி ஜூரிக்குச் சொல்லும் அறிவுரை ஏறத்தாழ ஒரே மாதிரி இருக்கும். எந்தச் சாட்சியை நம்புவது, எதை நம்புவது, முழுவதையும் நம்புவதா ஒரு பகுதியை மட்டும் நம்புவதா என்பதை நீங்களே முடிவு செய்ய வேண்டும். அதற்கு, சாட்சி சொல்வதை அவரால் பார்க்கவோ கேட்கவோ முடிந்திருக்குமா, அவருடைய நினைவாற்றல் எப்படி, சாட்சி சொல்லும்போது அவர் நடந்துகொண்ட விதம் எப்படி, வழக்கின் முடிவால் அவருக்கு ஆதாயம் உண்டா, விருப்பு வெறுப்பு உண்டா, பிற சான்றுகள் அவர் சொல்லை மறுக்கின்றனவா, அவர் சொல்வது நடக்கக்கூடியதாக இருக்கிறதா என்பவற்றைக் கருதலாம் என்பது அந்த அறிவுரை. பொய் கண்டறியும் கருவியின் முடிவுகளைச் சான்றாக ஏற்கலாமா என்ற கேள்வி 1998-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்கு வந்தபோது, நீதிபதி கிளாரன்ஸ் தாமஸ், ஜூரியே பொய் கண்டறியும் கருவி என்ற பழைய தீர்ப்பு வாசகத்தை எடுத்துக்காட்டினார். பொது அறிவும் வாழ்க்கை அனுபவமும் உள்ள பன்னிரண்டு பேர் ஒன்றாக உட்கார்ந்தால் மெய்யும் பொய்யும் பிரிந்துவிடும் என்பது இந்த முறையின் அடித்தள நம்பிக்கை.

அந்தப் பன்னிரண்டு பேர் ஜூரி அறைக்குள் என்ன பேசினார்கள் என்பது பெரும்பாலும் வெளியே வராது. தீர்ப்புக்கு அவர்கள் காரணம் எழுதுவதில்லை. இங்கிலாந்தில் அதை வெளியிடுவது குற்றம். அமெரிக்காவில் ஜூரர் பேசலாம், ஆனால் அவர் பேச்சை வைத்துத் தீர்ப்பை அசைப்பது மிகக் கடினம். எனவே இதைப் பற்றி நமக்குத் தெரிந்தவற்றில் பெரும்பகுதி, ஒரே வழக்கைச் சிறு மாற்றங்களோடு வெவ்வேறு மாதிரி ஜூரிகளுக்குக் காட்டி, எந்த மாற்றம் தீர்ப்பை மாற்றுகிறது என்று பார்த்த உளவியல் சோதனைகளிலிருந்து வந்தது. சோதனைக் கூடத்தில் யாரும் உண்மையில் சிறைக்குப் போவதில்லை என்ற குறை அவற்றுக்கு உண்டு. ஆனாலும் அவற்றில் சில முடிவுகள் திரும்பத் திரும்ப வருகின்றன.

முதலில் முகம். அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்று நாம் சொல்கிறோம். பொய் சொல்பவன் கண்ணைப் பார்த்துப் பேசமாட்டான் என்றும் சொல்கிறோம். இது நம் ஊருக்கு மட்டும் உரிய எண்ணம் அன்று. சார்லஸ் பாண்டு என்ற அமெரிக்க உளவியலாளர் தலைமையில் 58 நாடுகளில், ஒருவர் பொய் சொல்வதை எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் என்று கேட்டபோது, பெரும்பாலான இடங்களில் முன்னால் நின்ற விடை, பார்வையைத் திருப்பிக்கொள்வார் என்பதுதான். அதே பாண்டு, பெல்லா டிபாலோவுடன் சேர்ந்து, பொய்யைக் கண்டறியும் திறன் பற்றி அதுவரை நடந்த ஆய்வுகளை ஒன்றுதிரட்டி 2006-இல் கணக்கிட்டார். 24,483 பேர் செய்த மதிப்பீடுகளில் சரியானவை 54 விழுக்காடு. காசைச் சுண்டிப் பார்த்தாலே 50 கிடைத்துவிடும். அதிலும் பொய்களில் 47 விழுக்காடுதான் பொய் என்று பிடிபட்டன. உண்மைகளில் 61 விழுக்காடு உண்மை என்று ஏற்கப்பட்டன. ஆளைப் பார்க்காமல் குரலை மட்டும் கேட்டவர்கள், குரல் இல்லாமல் உருவத்தை மட்டும் பார்த்தவர்களைவிடச் சற்று நன்றாகக் கணித்தார்கள்.

சாட்சிக் கூண்டில் இந்தத் திறமை இன்னும் குறையவே வாய்ப்பு உண்டு. அன்றாட வாழ்வில் நமக்குத் தெரிந்த ஒருவர் பொய் சொன்னால் அவருடைய வழக்கமான பேச்சு நமக்குத் தெரியும். அதிலிருந்து விலகுவது தெரியும். ஜூரிக்கு அந்தச் சாட்சியின் வழக்கமான முகம் எது என்று தெரியாது. சாட்சியோ வாழ்க்கையில் முதல் முறையாக அந்நியர்கள் நிறைந்த ஓர் அறையில், உயரமான இடத்தில் நிறுத்தப்பட்டு, ஆம் இல்லை என்று மட்டும் சொல் என்று அதட்டப்படுகிறார். உள்ளங்கை வேர்ப்பதும் நாக்கு வறண்டு சொல் தடுமாறுவதும் கண் தரையைப் பார்ப்பதும் அந்த அச்சத்தில் யாருக்கும் வரும். நன்றாகப் பயிற்சி பெற்ற பொய்யருக்கு இவை எதுவும் வராமலும் போகலாம்.

முகத்திரை அணிந்த பெண் சாட்சி அதைக் கழற்ற வேண்டுமா என்ற கேள்வி கனடாவில் 2012-இல் உச்ச நீதிமன்றம் வரை போனது. முகத்தைப் பார்க்காமல் ஒருவரை எப்படி எடைபோடுவது என்ற கவலை அதன் மையத்தில் இருந்தது. பின்னர் வெளியான ஆய்வொன்றில், முகம் மறைந்த பெண்களின் பொய்யைக் கண்டுபிடிப்பது கடினமாக இருக்கவில்லை. சொல்லப்போனால் முகம் தெரிந்தபோதைவிட எளிதாகவே இருந்தது. பார்ப்பதற்கு முகம் இல்லாதபோது மனிதர்கள் சொல்லைக் கவனமாகக் கேட்கிறார்கள் என்பதே ஆய்வாளர்கள் தந்த விளக்கம்.

முகத்தைவிடவும் ஜூரியை ஆழமாக இழுப்பது, சாட்சி காட்டும் உறுதி. 1980-களின் பிற்பகுதியில் பிரையன் கட்லர், ஸ்டீவன் பென்ராட் ஆகியோர் ஒரு கொள்ளை வழக்கின் விசாரணையைப் படமாக்கி, மாதிரி ஜூரர்களுக்குக் காட்டினார்கள். கொள்ளையன் மாறுவேடத்தில் இருந்தானா, கையில் துப்பாக்கி வெளியே தெரிந்ததா, சம்பவத்துக்கும் அடையாள அணிவகுப்புக்கும் இடையே எத்தனை நாள் கழிந்தது, அணிவகுப்பில் காவலர் எப்படிப் பேசினார் என்று நினைவைப் பாதிக்கும் பத்துக் கூறுகளை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தார்கள். இவற்றில் பெரும்பாலானவை தீர்ப்பைத் தொடவே இல்லை. சாட்சி தமக்கு எவ்வளவு உறுதி என்று சொன்னார் என்பது மட்டும் தொட்டது. எண்பது விழுக்காடு உறுதி என்று சொன்ன சாட்சிக்கும் நூறு விழுக்காடு உறுதி என்று சொன்ன சாட்சிக்கும் இடையே ஜூரர்கள் வேறுபாடு பார்த்தார்கள். எந்தச் சூழலில் அவர் பார்த்தார் என்பதில் பார்க்கவில்லை.

உறுதியைப் பார்ப்பதே தவறு என்று சொல்லிவிட முடியாது. நினைவாய்வாளர்களான ஜான் விக்ஸ்டெட்டும் கேரி வெல்ஸும் 2017-இல் எழுதிய ஆய்வில், முறையாக நடத்தப்பட்ட முதல் அடையாளம் காட்டுதலின்போது, அந்தக் கணத்தில் சாட்சி சொல்லும் உறுதி அவர் சரியாகச் சொல்கிறாரா என்பதற்கு நல்ல அறிகுறி என்று காட்டினார்கள். சிக்கல் என்னவென்றால், ஜூரி பார்ப்பது அந்த உறுதியை அன்று. மாதங்கள் கழித்து, பல கைகள் பட்டுப் பழுத்து வந்த உறுதியை.

காட்டன் வழக்கில் அது பழுத்த விதத்தைப் படிப்படியாகப் பார்க்கலாம். காவல் துறை அந்தப் பெண்ணிடம் ஆறு புகைப்படங்களைக் கொடுத்தது. அவர் பல நிமிடங்கள் பார்த்தார். சிலவற்றை ஒதுக்கினார், மிஞ்சியவற்றை ஒப்பிட்டார், பிறகு ஒன்றை எடுத்து, இவர்தான் என்று நினைக்கிறேன் என்றார். மனத்தில் பதிந்த முகத்தை அடையாளம் காண்பதற்குப் பொதுவாகச் சில நொடிகளே போதும். நிமிடக் கணக்கில் ஒப்பிட்டுத் தேடுவது, இருப்பவர்களில் யார் அதிகம் ஒத்திருக்கிறார் என்று தேர்ந்தெடுப்பதாக இருக்கலாம். அப்படித் தேர்ந்தெடுத்த முகம் காட்டனுடையது. உண்மைக் குற்றவாளியான பூலின் படம் அந்த ஆறில் இல்லவே இல்லை. சில நாள் கழித்து, ஆட்களை வரிசையாக நிறுத்தி அணிவகுப்பு நடந்தது. நான்காவது நபரா ஐந்தாவது நபரா என்று அவர் தயங்கினார். பிறகு ஐந்து என்றார். ஐந்தாவது நபர் காட்டன். படங்களிலும் வரிசையிலும் இரண்டு இடத்திலும் இருந்தவர் அவர் ஒருவரே. ஆகவே அந்த முகம் பழகிய முகமாகத் தோன்றியது, குற்ற இரவிலிருந்தா, காவல் நிலையத்து மேசை மேல் இருந்த படத்திலிருந்தா என்று பிரித்துப் பார்க்க வழியே இல்லாமல் போயிற்று. முடிந்ததும், நீங்கள் படத்தில் காட்டிய அதே ஆள்தான் இவர் என்று காவலர்கள் அவரிடம் சொன்னார்கள். அவருக்குப் பெரும் நிம்மதி. அந்த நிம்மதி ஒரு செங்கல்லைப் போல அவருடைய நினைவின் மேல் உட்கார்ந்தது.

ஒரு சொல்லுக்கு அவ்வளவு வலு உண்டா என்று ஐயம் எழலாம். கேரி வெல்ஸும் ஏமி பிராட்ஃபீல்டும் 1998-இல் இதைச் சோதித்தார்கள். துப்பாக்கி ஏந்திய ஒருவர் கடைக்குள் வரும் காட்சியைப் பார்த்தவர்களிடம் புகைப்படங்களைக் கொடுத்து ஆளைக் காட்டச் சொன்னார்கள். அந்த ஆளின் படம் அதில் இல்லை. காட்டிய எல்லாருமே தவறாகத்தான் காட்டினார்கள். சிலரிடம் மட்டும், நல்லது, சந்தேக நபரைச் சரியாகக் காட்டிவிட்டீர்கள் என்று சொன்னார்கள். அப்படிச் சொல்லப்பட்டவர்கள் பின்னர், நான் அப்போதே உறுதியாக இருந்தேன், அவன் முகம் எனக்கு நன்றாகத் தெரிந்தது, கவனமாகவும் பார்த்தேன் என்றார்கள். மாறியது உறுதி மட்டும் இல்லை. பார்த்த தெளிவின் நினைவும் மாறியது. வட கரோலினா ஜூரி தனக்குள் கேட்டிருக்கக்கூடிய மூன்று கேள்விகளும், அதாவது நன்றாகப் பார்த்தாரா, கவனித்தாரா, உறுதியாக இருக்கிறாரா என்பவை, அந்த ஒரே ஊற்றிலிருந்து நீர் குடித்தவை.

சாட்சியத்தில் சின்னஞ்சிறு விவரங்கள் இருந்தால் நம்பிக்கை கூடுகிறது என்பதும் இதற்குச் சற்று உறவுடையது. பிராட் பெல்லும் எலிசபெத் லோஃப்டஸும் செய்த சோதனையில், கடையில் நின்றிருந்த வாலிபன் சில பொருட்கள் வாங்கினான் என்று ஒரு சாட்சி சொல்கிறார். இன்னொரு வடிவத்தில் அதே சாட்சி, ஒரு பெட்டி மில்க் டட்ஸ் மிட்டாயும் ஒரு டயட் பெப்சியும் வாங்கினான் என்கிறார். கொலையாளி யார் என்பதற்கு மிட்டாயின் பெயர் எந்த வகையிலும் தொடர்புடையது இல்லை. ஆனால் பெயர் சொன்ன சாட்சியை ஜூரர்கள் அதிகம் நம்பினார்கள். மிட்டாயின் பெயரையே நினைவு வைத்திருப்பவர் முகத்தை மறப்பாரா என்ற எண்ணம்தான் அது. மிட்டாயைப் பார்த்துக்கொண்டிருந்த கண் அந்த நேரத்தில் முகத்தைப் பார்க்கவில்லை என்று எண்ணுவதற்கும் அதே அளவு நியாயம் உண்டு.

முரண்பாடு இதன் மறுபக்கம். முன்பு ஒன்று சொன்னீர்கள், இப்போது வேறொன்று சொல்கிறீர்களே என்பதுதான் குறுக்கு விசாரணையின் பழம்பெரும் ஆயுதம், காவல் துறையில் கொடுத்த வாக்குமூலமும் நீதிமன்றச் சாட்சியமும் மோதும் இடத்தில் ஜூரியின் புருவம் உயர்ந்துவிடும். காட்டனுக்கு நடந்ததும் இதுதான். அந்த இரவு எங்கே இருந்தாய் என்று காவலர்கள் கேட்டபோது, அவர் ஒரு வார இறுதியை இன்னொரு வார இறுதியோடு குழப்பிக்கொண்டு பதில் சொன்னார். அவர் பெயர் சொன்னவர்களைக் காவல் துறை விசாரித்தபோது கணக்கு இடித்தது. பிறகு வீட்டார் வந்து, அவர் வீட்டில்தான் இருந்தார் என்று சொன்னது, எழுதிக் கொடுத்ததை ஒப்பித்தது போலாயிற்று. போன மாதம் இரண்டாவது சனிக்கிழமை இரவு எங்கே இருந்தோம் என்று நம்மில் எத்தனை பேரால் தயங்காமல் சொல்ல முடியும்? உண்மை பேசிய அந்தப் பெண் தவறாகச் சொன்னதை ஜூரி நம்பியது. உண்மை பேசிய காட்டன் தடுமாறியதைப் பொய் என்று எடுத்துக்கொண்டது.

முரண்பாடு பற்றி ஆய்வுகள் சொல்வது, ஒரு விவரத்தில் முரண்படுவதை வைத்து மற்ற விவரங்களும் தவறு என்று முடிவுகட்ட இயலாது என்பதே. நினைவின் ஒவ்வொரு பகுதியும் தனித்தனியாகப் பதிகிறது, தனித்தனியாகத் தேய்கிறது. இங்கிலாந்தில் 1981-இல் வந்த லூகாஸ் வழக்குத் தீர்ப்புக்குப் பிறகு, குற்றம் சாட்டப்பட்டவர் ஏதோ ஒன்றில் பொய் சொன்னது தெரியவந்தால், வெட்கம், அச்சம், வேண்டியவரைக் காக்கும் எண்ணம் முதலியவற்றாலும் மனிதர் பொய் சொல்வதுண்டு என்று நீதிபதி ஜூரியை எச்சரிக்க வேண்டியிருக்கிறது. ஒன்றில் பொய் என்றால் எல்லாவற்றிலும் பொய் என்ற பழைய லத்தீன் முதுமொழியை இந்திய உச்ச நீதிமன்றமும் ஏற்கவில்லை. உமியையும் நெல்லையும் பிரித்தெடுக்க வேண்டும் என்று நம் தீர்ப்புகள் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான்.

தனித்தனிச் சாட்சிகளைப் பற்றியே பேசினால் ஒரு பெரிய விஷயம் விடுபட்டுப் போகும். ஜூரர்கள் சாட்சிகளை ஒவ்வொருவராக எடைபோட்டுக் கூட்டிக் கழித்துத் தீர்ப்புக்கு வருவதில்லை. நான்சி பென்னிங்டனும் ரீட் ஹேஸ்டியும் 1980-களில் காட்டியபடி, அவர்கள் கேட்டவற்றையெல்லாம் கோத்து ஒரு கதையாக்கிக்கொள்கிறார்கள். அந்தக் கதையில் பொருந்துகிற சாட்சி நம்பத்தக்கவராகவும் பொருந்தாதவர் ஐயத்துக்கு உரியவராகவும் தோன்றுகிறார். ஒரே கொலை வழக்கின் ஒரே சான்றுகளை அவர்கள் வரிசை மாற்றி வழங்கிப் பார்த்தார்கள். அரசுத் தரப்புச் சான்றுகள் நடந்த நிகழ்ச்சிகளின் வரிசையிலும் எதிர்த் தரப்புச் சான்றுகள் சிதறியும் வந்தபோது 78 விழுக்காட்டினர் குற்றவாளி என்றனர். இந்த ஏற்பாட்டை இரு தரப்புக்கும் இடையே மாற்றியபோது அது 31 விழுக்காடாக இறங்கியது. சாட்சிகள் மாறவில்லை, அவர்கள் சொன்ன சொல்லும் மாறவில்லை. உண்மையான வழக்குகளிலோ சாட்சிகள் வரக்கூடிய நாளில் வருகிறார்கள்: முதல் நாள் மருத்துவர், மூன்றாம் நாள் நேரில் பார்த்தவர், ஐந்தாம் நாள் காவலர்கள் பொருளைக் கைப்பற்றியபோது உடனிருந்த மகஜர் சாட்சி. கதையை ஒழுங்காகக் கட்டிக் காட்டுகிற வழக்கறிஞர் கிடைத்த தரப்பின் சாட்சிகளுக்கு, அவர்களே அறியாமல், நம்பகம் கூடிவிடுகிறது.

மொழியைப் பற்றித் தமிழர்களாகிய நாம் கூடுதலாகவே கவலைப்பட வேண்டும். 1970-களில் டியூக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வில்லியம் ஓபார் குழுவினர் வட கரோலினா நீதிமன்றங்களின் பேச்சைப் பதிவுசெய்து ஆராய்ந்தார்கள். கல்வியும் செல்வாக்கும் குறைந்த சாட்சிகள், அப்படித்தான் நினைக்கிறேன் ஐயா, ஒருவேளை இருக்கலாம் ஐயா என்று தயங்கித் தயங்கிப் பேசினார்கள். ஒரே சாட்சியத்தை நிமிர்ந்த நடையிலும் இந்தத் தயக்க நடையிலும் நடிகர்களைக் கொண்டு பதிவுசெய்து மாதிரி ஜூரர்களுக்குப் போட்டுக் காட்டியபோது, தயங்கிப் பேசியவரை அவர்கள் குறைவாகவே நம்பினார்கள். அதிகாரத்தின் முன் பணிந்து பேசப் பழக்கப்பட்ட ஒருவரின் பணிவே அவருக்கு எதிரான சான்றாகிறது.

புளோரிடாவில் 2013-இல் நடந்த டிரேவான் மார்ட்டின் கொலை வழக்கில், அந்தச் சிறுவன் இறப்பதற்குச் சற்று முன்வரை கைபேசியில் அவனோடு பேசிக்கொண்டிருந்த பத்தொன்பது வயதுப் பெண் முக்கியச் சாட்சி. ஏறத்தாழ ஆறு மணி நேரம் கூண்டில் இருந்தார். அவர் பேசியது கறுப்பின மக்களின் ஆங்கில வழக்கு. தனக்கென்று இலக்கணமுள்ள ஒரு பேச்சு. ஆறு பேர் கொண்ட ஜூரியில் ஒருவர் பின்னர், அவர் பேசியது புரிந்துகொள்ளக் கடினமாக இருந்தது, அவர் நம்பத்தக்கவராகவும் தோன்றவில்லை என்றார். பதினாறு மணி நேரத்துக்கு மேல் நடந்த ஆலோசனையில் அவர் சாட்சியத்தை யாரும் குறிப்பிடவே இல்லை என்று இன்னொருவர் சொன்னார். காதில் சரியாக விழாத சொல் மனத்தில் நம்பாத சொல்லாக மாறிவிடுகிறது.

மொழிபெயர்ப்பாளர் நடுவில் வரும்போது நிலைமை இன்னும் நுட்பமாகிறது. அமெரிக்க நீதிமன்றங்களில் ஸ்பானிய மொழிபெயர்ப்பாளர்களை ஆராய்ந்த சூசன் பெர்க்-செலிக்சன், சாட்சி சொன்ன பணிவுச் சொற்களை மொழிபெயர்ப்பாளர் சேர்த்தாரா விட்டாரா என்பதைப் பொறுத்தே ஜூரர்கள் அந்தச் சாட்சியின் அறிவையும் நேர்மையையும் மதிப்பிட்டதைக் கண்டார். இலங்கையில் உயர் நீதிமன்றத்தில் ஜூரி முறை இன்னும் இருக்கிறது. ஏழு பேர் கொண்ட அந்த ஜூரி எந்த மொழி பேசுவதாக அமைய வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் உரிமை குற்றம் சாட்டப்பட்டவருக்கு உண்டு. 1996-இல் திருகோணமலை மாவட்டத்துக் குமாரபுரத்தில் இருபதுக்கும் மேற்பட்ட தமிழர் கொல்லப்பட்ட வழக்கு இருபது ஆண்டு கழித்து அனுராதபுரத்தில் விசாரிக்கப்பட்டு, 2016 ஜூலையில் சிங்கள மொழி ஜூரி ஆறு முன்னாள் இராணுவத்தினரையும் குற்றமற்றவர்கள் என்றது. ஜூரி காரணம் சொல்லாது என்பதால், அந்தக் கிராமத்தாரின் சொல் எந்த இடத்தில் எடை இழந்தது என்று யாராலும் இனிச் சொல்ல முடியாது. உறவைப் பறிகொடுத்த ஒருவர் தம் தாய்மொழியில் அழுது சொன்னதை வேறொருவர் குரல் வழியாக ஏழு பேர் கேட்கும் முறையில், எதுவும் இழக்கப்படவில்லை என்று எனக்கு நம்பிக்கை வரவில்லை.

இதையெல்லாம் படிக்கும் இந்திய வாசகர், நல்லவேளை நம்மிடம் ஜூரி இல்லை என்று நினைக்கலாம். கடற்படை அதிகாரி நானாவதி மீதான கொலை வழக்கில் 1959-இல் பம்பாய் ஜூரி எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் குற்றமற்றவர் என்று சொல்ல, நீதிபதி அதை ஏற்காமல் உயர் நீதிமன்றத்துக்கு அனுப்பினார்; 1973-ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் ஜூரிக்கு இடமே இல்லாமல் போயிற்று. சென்னையிலும் ஜூரி இருந்தது. லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் தியாகராஜ பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் 1945-இல் ஜூரியின் முன்புதான் குற்றவாளிகள் ஆனார்கள். லண்டனில் இருந்த உச்ச மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் மேல்முறையீட்டை மறுபடி விசாரிக்க அனுப்பிய பின், 1947-இல் சென்னை உயர் நீதிமன்றம் அவர்களை விடுவித்தது.

ஆனால் நீதிபதியும் மனிதரே. பால் எக்மனும் மாரீன் ஓசல்லிவனும் 1991-இல் பல தொழிலினரைச் சோதித்தபோது, அதில் கலந்துகொண்ட நீதிபதிகளும் பொய்யைக் கண்டறிவதில் குருட்டுக் கணிப்பைத் தாண்டவில்லை. அமெரிக்காவில் 3,576 குற்ற வழக்குகளை ஆராய்ந்த ஹாரி கால்வனும் ஹான்ஸ் சைசலும், 78 விழுக்காட்டு வழக்குகளில் நீதிபதியும் ஜூரியின் முடிவுக்கே வந்திருப்பார் என்று கண்டார்கள். நீதிபதியிடம் கூடுதலாக இருப்பது, காரணத்தை எழுத வேண்டும் என்ற கட்டாயம். 1957-இல் வடிவேலுத் தேவர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சாட்சிகளை முழுதும் நம்பத்தக்கவர், முழுதும் நம்பத்தகாதவர், இரண்டும் அல்லாதவர் என்று மூன்றாகப் பிரித்து, மூன்றாம் வகையினர் சொல்லுக்கு வேறு சான்றின் துணை தேடச் சொன்னது. அந்தத் தேடல் நடந்ததா இல்லையா என்பது தீர்ப்பில் தெரிந்துவிடும். சாட்சியின் நடத்தையைக் குறித்துவைக்க நம் சட்டமும் நீதிபதிக்கு இடம் தருகிறது. ஆனால் பதிவில் பெரும்பாலும் மிஞ்சுவது, குறுக்கு விசாரணையில் சாட்சி மறுத்ததாக எழுதப்படும், நான் பொய் சாட்சி சொல்கிறேன் என்று சொன்னால் சரியல்ல என்ற வாசகம்தான். கோபத்தில் கத்தியவரும் முணுமுணுத்தவரும் அந்த ஒரே வாக்கியத்தில் ஒன்றுபோல் ஆகிவிடுகிறார்கள்.

ஜூரிக்கு எச்சரிக்கை சொன்னால் போதாதா என்று கேட்கலாம். இங்கிலாந்தில் 1976-இன் டர்ன்புல் தீர்ப்பு முதல், அடையாளம் காட்டும் சாட்சியத்தையே பெரிதும் நம்பியிருக்கும் வழக்குகளில், நம்பும்படியாகப் பேசும் சாட்சியும் தவறலாம் என்று நீதிபதி சொல்லியாக வேண்டும். நியூ ஜெர்சி மாநில உச்ச நீதிமன்றம் 2011-இன் ஹெண்டர்சன் தீர்ப்பில் நினைவாய்வுகளையெல்லாம் அலசி, அதன் தொடர்ச்சியாக ஜூரிக்கான விரிவான அறிவுரை ஒன்று 2012-இல் நடைமுறைக்கு வந்தது. அதை 2015-இல் சோதித்துப் பார்த்தபோது, அறிவுரை கேட்ட மாதிரி ஜூரர்கள் மோசமாக நடந்த அடையாள அணிவகுப்பை நம்ப மறுத்தார்கள். ஒழுங்காக நடந்ததையும் அதே அளவு நம்ப மறுத்தார்கள். ஐயம் வளர்ந்தது, பகுத்துப் பார்க்கும் திறன் வளரவில்லை. வன்கொடுமைக்கு ஆளான பெண்கள் நம்பப்படாமல் போவதே வழக்கமாக இருக்கும் உலகில், எல்லாச் சாட்சியையும் ஐயுறு என்று கற்றுக்கொடுப்பது எனக்கு ஆறுதலாக இல்லை.

குற்றம் நடந்த கணத்துக்கும் கூண்டுக்கும் இடையிலான வழியைப் பதிவுசெய்து ஜூரியின் கையில் கொடுப்பதுதான் எனக்குப் பயனுள்ளதாகத் தெரிகிறது. காட்டனைச் சிறைக்கு அனுப்பிய அதே வட கரோலினா 2007-இல் அதற்கு ஒரு சட்டம் இயற்றியது. அதன்படி அடையாள அணிவகுப்பை நடத்தும் அலுவலருக்குச் சந்தேக நபர் யார் என்றே தெரிந்திருக்கக் கூடாது. குற்றவாளி இந்த வரிசையில் இல்லாமலும் இருக்கலாம் என்று சாட்சியிடம் முன்கூட்டிச் சொல்லவேண்டும். சாட்சி ஒருவரைக் காட்டினால், எவ்வளவு உறுதி என்பதை அந்த இடத்திலேயே, அவருடைய சொற்களிலேயே எழுதிக்கொள்ள வேண்டும். இயன்றால் காட்சிப் பதிவும் எடுக்க வேண்டும். இந்த விதிகள் பின்பற்றப்பட்டனவா மீறப்பட்டனவா என்ற சான்றை, அடையாளம் காட்டியதன் நம்பகத்தை எடைபோடும்போது கருதலாம் என்று நீதிபதி ஜூரிக்குச் சொல்ல வேண்டும். அந்தச் சட்டத்தின் கீழ் இன்று ஒரு பெண் ஆறு படங்களைப் பல நிமிடம் பார்த்துவிட்டு, இவர்தான் என்று நினைக்கிறேன் என்று சொன்னால், நினைக்கிறேன் என்ற அந்தச் சொல் தாளில் இருக்கும். மாதங்கள் கழித்து அவர் கூண்டில் நின்று ஐயமே இல்லை என்று சொல்லும்போது, ஜூரர்கள் அந்தத் தாளையும் கையில் வைத்திருப்பார்கள்.